காசு கொடுத்தா சீட் கிடைக்கும்... தேதி கிடைக்குமா? தனியார் விண்வெளிப் பயணம் எப்படித் திட்டமிடப்படுகிறது?

இந்திய விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்ப முதலில் குறிக்கப்பட்ட நாள் 2025 மே 29. அவர் உண்மையில் கிளம்பியது ஜூன் 25. நடுவில் ஜூன் 8, 10, 11, 19, 22 என்று தேதி மாறிக்கொண்டே போனது.

"இவ்வளவு காசு வாங்கிட்டு ஒரு தேதியைக்கூட உறுதியா சொல்ல முடியாதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் தெரிய, இந்தப் பயணத்துக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கணும்.

வண்டி ஒருத்தருது, வீடு இன்னொருத்தருது

சுக்லா போனது ஆக்ஸியம்-4 என்ற பயணத்தில். இதை ஏற்பாடு செய்தது அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ஆக்ஸியம் ஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனம். ஆனால் அவர்களிடம் சொந்தமாக ராக்கெட் கிடையாது. ஃபால்கன்-9 ராக்கெட்டும் டிராகன் விண்கலமும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடையவை. போய்த் தங்கும் இடமான சர்வதேச விண்வெளி நிலையத்தை அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பா, ஜப்பான், கனடா ஆகியவை சேர்ந்து நடத்துகின்றன. தனியார் பயணிகள் வரலாமா என்று அனுமதி தருவது நாசா.

அதாவது டூர் ஏற்பாடு ஒருத்தர், வேன் ஒருத்தர், வீட்டுக்காரர் வேறொருத்தர். மூணு பேரும் சரின்னு சொன்னாதான் வண்டி கிளம்பும்.

எவ்வளவு செலவாகும்?

ஆக்ஸியம்-4 பயணத்துக்காக இந்தியா செலவிட்டது சுமார் 550 கோடி ரூபாய் என்று செய்திகள் வெளியாகின. டிக்கெட் மட்டுமல்ல, பயிற்சியும் இதில் அடக்கம்.

நாசாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2021-ல் அது வெளியிட்ட பட்டியலின்படி, நிலையத்தில் இருக்கும் வீரர்களின் நேரத்தைப் பயன்படுத்த ஒரு பயணத்துக்கு 52 லட்சம் டாலர், திட்டமிடல் வேலைகளுக்கு 48 லட்சம் டாலர். சாப்பாட்டுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 டாலர்!

அப்போது இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பயணத்தின் கமாண்டர் நாசாவின் முன்னாள் விண்வெளி வீரராக இருக்கணும் என்பதுதான் அது. ஆக்ஸியம்-4 கமாண்டர் பெக்கி விட்சன், அதற்கு முன்பே 675 நாட்களை விண்வெளியில் கழித்தவர். போலந்து, ஹங்கேரியைச் சேர்ந்த தலா ஒருவரும் உடன் சென்றார்கள்.

தேதியை முடிவு செய்வது எது?

முதலில் பார்க்கிங். டிராகன் வகைக் கலங்கள் வந்து இணைய நிலையத்தில் இருப்பது இரண்டே வாசல்கள். ஒன்றில், அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் வீரர்கள் வந்த கலம் நிற்கும். ஆபத்து என்றால் அவர்கள் தப்பி வர அதுதான் வழி, அதனால் அது எப்போதும் அங்கேயே இருக்கணும். மீதி ஒரு வாசலில்தான் சரக்குக் கலமும் தனியார் பயணிகளும் முறை வைத்து வர வேண்டும்.

அடுத்து சூரியன். சில நாட்களில் நிலையத்தின் மேல் வெயில் கிட்டத்தட்ட இடைவிடாமல் படும். சூடும் மின்சாரக் கணக்கும் மாறும் அந்த நாட்களில் புதுக் கலம் வந்து இணைவதைத் தவிர்ப்பார்கள். ஜூன் 30-க்குள் கிளம்பாவிட்டால் ஜூலை நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தது இதனால்தான்.

மூணாவது வானிலை. ஏவுதளத்தில் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. நடுவழியில் கோளாறு வந்தால் கலம் அட்லாண்டிக் கடலில் இறங்க வேண்டியிருக்கும். அங்கேயும் காற்று, அலை அடங்கியிருக்கணும்.

இதற்கிடையே தொற்று ஏதும் வராமல் இருக்க மே 25-ம் தேதியே தனிமைக்குள் போன நான்கு பேரும், ஒரு மாதம் அப்படியே இருந்தார்கள்.

ஜூன் மாதம் என்ன நடந்தது?

ஏவுதளத்தில் ராக்கெட்டின் இன்ஜின்களை 7 விநாடி இயக்கிப் பார்த்தபோது திரவ ஆக்ஸிஜன் கசிவது தெரிந்தது. அதைச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே பறப்பது என்று முடிவானது. ஸ்பேஸ்எக்ஸ், ஆக்ஸியம் நிபுணர்களுடன் இஸ்ரோ குழுவும் பேசி எடுத்த முடிவு இது என்று இஸ்ரோவே அறிவித்தது. இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். திரவ ஆக்ஸிஜனில் இயங்கும் கிரையோஜெனிக் இன்ஜின்கள்தான் அவருடைய துறை.

அது முடிந்ததும் அடுத்த சிக்கல். நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் பல வருடங்களாகவே லேசான காற்றுக் கசிவு இருந்தது. சமீபத்திய பழுதுபார்ப்புக்குப் பிறகு அங்கே காற்றழுத்தம் மாறாமல் நின்றது. கசிவு நின்றுவிட்டதா, அல்லது காற்று வேறு வழியாக அங்கே போகிறதா என்று பார்க்க நாசா அவகாசம் கேட்டது. ஏற்கெனவே 7 பேர் இருக்கும் இடத்துக்கு இன்னும் 4 பேர் வரப்போகிறார்கள். வீட்டுக்காரர் யோசிக்கத்தானே செய்வார்?

அப்போ காசுக்கு என்ன மதிப்பு?

காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது சீட், பயிற்சி, ஆராய்ச்சி நேரம். கிளம்பும் நாள் மட்டுமல்ல, திரும்பும் நாளும் அவர் கையில் இல்லை. 2022-ல் முதல் ஆக்ஸியம் பயணத்தில் 8 நாள் தங்கப் போனவர்கள், வானிலை ஒத்துவராததால் 15 நாள் தங்கினார்கள். சுக்லா குழுவும் 14 நாள் திட்டத்தில் போய், 18 நாள் இருந்துவிட்டுத்தான் ஜூலை 15-ம் தேதி பூமிக்கு வந்தது.

தனியார் பயணம் என்றால் சீக்கிரம் பறக்கணும் என்ற வியாபார அவசரம் இருக்கவே செய்யும். அந்த அவசரத்துக்குக் கடிவாளம், 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பல பேரிடம் இருப்பதுதான். ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் பிடிப்பார்.

அடுத்தது ககன்யான். இந்திய ராக்கெட்டில், இந்தியக் கலத்தில் நம் வீரர்கள் போகப் போகும் பயணம். அதற்குத் தேர்வான நால்வரில் சுக்லாவும் ஒருவர். அங்கே ராக்கெட், கலம், ஏற்பாடு எல்லாமே இஸ்ரோதான். தேதி எப்போது என்று நாடே கேட்டுக்கொண்டிருக்கும்போது, கசிவைப் பார்த்து 'நிறுத்து' என்று சொல்ல வேண்டியதும் இஸ்ரோவேதான். ககன்யான் தள்ளிப்போகிறது என்ற செய்தி வந்தால், கோபப்படும் முன் அந்த 7 விநாடி சோதனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.