சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டாம்!

கேள்வி: “என் கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் ஊரில் இருந்த பஞ்சர் கடையை மூடிவிட்டார்கள். இப்போது பஞ்சர் என்றால் 5 கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போக வேண்டும். போன மாதம் மட்டும் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதையெல்லாம் நாங்களே செய்யப் பழக முடியுமா?”
- வாசகி ஒருவர், அறந்தாங்கி வட்டாரம்

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. உங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஓட்டக் கற்ற ஊரில் ஸ்பேனர் பிடிப்பது பெரிய காரியமா?

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: காற்றடிக்கும் பம்பு, டயர் லிவர் இரண்டு, ஸ்பேனர், சொல்யூஷன், ஒட்டுகிற பேட்ச், உப்புத்தாள், வால்டியூப். ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர். சொல்யூஷன் தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

முதலில் வால்டியூப்பைப் பாருங்கள். காற்று மெல்ல மெல்ல இறங்கினால் பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாய் கிழிந்திருக்கும். அதை உருவிவிட்டு, புதியதை நனைத்து மாட்டினால் வேலை முடிந்தது.

பஞ்சர்தான் என்றால் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. ஸ்டாண்டு போட்டு, காற்றை முழுவதும் இறக்குங்கள். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் லிவரால் ரிம்முக்கு வெளியே எடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அது டியூபில் புது ஓட்டை போடும். டியூபை வெளியே இழுத்து, வால்வை மாட்டிக் காற்றடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழ் வரும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தைத் துடைத்து, காற்றை இறக்கி, உப்புத்தாளால் அந்த இடத்தைச் சொரசொரப்பாகத் தேயுங்கள். பேட்ச்சை விட அகலமாகச் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நாளைக்கே பிய்ந்துவிடும். விரலில் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். அதன்பிறகு பேட்ச்சை வைத்து நன்றாக அழுத்துங்கள். மறுபடி காற்றடித்துத் தண்ணீரில் பாருங்கள்.

டியூபை உள்ளே விடுமுன், டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு துணியை மெதுவாக ஓட்டுங்கள். நம் பக்கத்துக் கருவேல முள் ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காவிட்டால் ஒட்டிய அன்றே திரும்பப் பஞ்சர். டியூபில் லேசாகக் காற்று வைத்து உள்ளே தள்ளி, டயரைக் கையாலேயே ஏற்றுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கவில்லை என்று சுற்றிலும் பார்த்துவிட்டு முழுக் காற்றை அடியுங்கள்.

செயின் நடுவில் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடலாம். அதிகம் தொங்கினால் பின்சக்கரத்து நட்டுகள் இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியில் வழிவதைத் துடைத்துவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண் பிடிக்கும். பெடலைச் சுற்றும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பிரேக் கட்டை தேய்ந்து கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கட்டை ரிம்மில்தான் பிடிக்க வேண்டும், டயரில் உரசக் கூடாது. எந்த வேலை செய்தாலும், ஏறுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் ஓட்டக் கூடாது.

கடைக்கே போக வேண்டியதும் உண்டு. சக்கரம் கோணுவது, கம்பி அறுந்தது, கிராங்க் ஆடுவது, போர்க்கிலோ பிரேமிலோ விரிசல். இவற்றில் கை வைக்காதீர்கள். விரிசல் கண்ட சைக்கிளில் ஒரு தெரு தூரம்கூட ஏற வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பஞ்சர் ஆன அன்று காலை எட்டு மணிக்குப் பழக முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, நன்றாக இருக்கும் டயரையே கழற்றி மாட்டச் சொல்லி மகளைப் பழக்குங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் லிவர் அவள் கையில் இருக்கட்டும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், போகப் போகக் கை பழகிவிடும். வழியில் பஞ்சர் ஆகிப் பாதி வழியில் நிற்கப்போவது அவள்தானே. பம்பையும் சாமான்களையும் ஒரு துணிப்பையில் போட்டு கேரியரில் கட்டிவிடுங்கள்.