காற்பந்துக் கழகம் யாருக்கு உரியது?

கழகம் என்னும் சொல் நம் பழநூல்களிலே இருவேறு பொருள்பட வழங்குகின்றது. திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்திலே சூதாடும் இடத்தைக் கழகம் என்றார். கம்பரோ கலை பயிலும் இடத்தைக் கழகம் என்றார். இற்றை நாளில் நம் நாட்டுக் காற்பந்தாட்டத்தின் நிலையை நோக்குங்கால், நம்மவர் இவ்விரண்டனுள் எப்பொருளைக் கைக்கொண்டனர் என்னும் ஐயம் எழாமற் போகாது.

2019 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9 ஆம் நாள், கோவை நேரு விளையாட்டரங்கிலே சென்னை சிட்டி என்னும் கழகம் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று ஐ-லீக் பட்டத்தைச் சூடியது. அதற்கு 43 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரு நூற்றாண்டுக் காலம் காற்பந்தையே உணவாகவும் உறக்கமாகவும் கொண்ட கல்கத்தாவைத் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று ஒரே புள்ளியால் பின்னிற்கச் செய்தது. சிங்கப்பூரினரான அக்பர் நவாஸ் அணியைப் பயிற்றினார். பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் கழகமும் இதன் பங்கில் நூற்றுக்கு 26 விழுக்காட்டை வாங்கிற்று. இத்துணைச் சிறப்புற்ற கழகத்தின் பெயரை 2021-22 ஆம் பருவத்து ஐ-லீக் பட்டியலிலே தேடினால் காணோம். வாகை சூடி மூன்றாண்டு நிறையுமுன் அது களத்தை விட்டு மறைந்தது.

மறைந்தமைக்குப் பலர் பல காரணம் கூறுவர். அவற்றை ஆராய்வது என் கருத்தன்று. அக்கழகம் மறைந்தபோது, "இஃது எங்களுடையது, மறைய விடோம்" என்று சொல்லும் உரிமை சென்னையிலேனும் கோவையிலேனும் ஒருவர்க்கும் இருந்ததில்லை. என்னை வருத்துவது இதுவே. மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினர், ஆரவாரித்தனர், வீடு சென்றனர். கழகமோ முதலிட்டாரின் உடைமை. உடைமையாளர் கடையைச் சாத்தினால் வாடிக்கைக்காரர் வழக்காட இயலுமோ?

இதனினும் பெரிய போட்டியாகிய ஐ.எஸ்.எல். நிலையும் உறுதியுடையதன்று. சென்னையின் எப்.சி. 2015 இலும் 2017-18 இலும் அதனை வென்றது. ஆயினும் 2025 இல் அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்திற்கும் அதன் வணிகத் துணைவர்க்கும் இடையிலிருந்த ஒப்பந்தம் முடிவுறும் தறுவாயில் போட்டி நிறுத்திவைக்கப்படவே, இருமுறை வாகை சூடிய அக்கழகமும் அவ்வாண்டு ஆகஸ்டில் தன் பணிகளை நிறுத்தியது. 2026 சனவரியில் மத்திய விளையாட்டமைச்சர் தொடக்க நாளை அறிவிக்கும்வரை ஆட்டக்காரர் பலர் ஆடுவோமோ ஆடோமோ என்று அறியாதிருந்தனர்.

இனிக் கடல் கடந்து ஒரு சிறு நாட்டை நோக்குவோம். ஐரோப்பாவின் தென்கிழக்கிலே, பால்கன் மலைநாடுகளுள் ஒன்றாக, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் அமைந்தது மாண்டினீக்ரோ. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 6.2 இலட்சம். நம் தூத்துக்குடி மாவட்டமோ 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படியே 17.5 இலட்சம் மக்களை உடையது. ஆங்கு முதல்நிலை லீக்கிலே பத்துக் கழகங்கள் ஆடுகின்றன. தோற்போர் கீழ்நிலைக்கு இறங்குவர், கீழே வென்றோர் மேலேறுவர். முதலிடம் பெற்ற கழகம் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றிலே ஆடும் உரிமை பெறும். 2006-07 இல் முதன்முதல் பட்டம் வென்ற சேட்டா, கோலுபோவ்ச்சி என்னும் சிற்றூரின் கழகம். அடுத்த சில திங்களிலேயே அது ஸ்காட்லாந்தின் பேர்பெற்ற ரேஞ்சர்ஸை எதிர்த்து ஆடிற்று. தோற்றது என்பது உண்மையே. ஆயினும் ஆடிற்று.

அந்நாட்டின் கழகங்களை எண்ணும்போது எனக்கு வியப்பளிப்பது அவற்றின் ஆயுள். செத்தினே நகரத்து லோவ்ச்சென் 1913 இல் தோன்றியது; அப்பொழுது அந்நாட்டிற்கென ஓர் அரசன் இருந்தான். தலைநகராம் போத்கோரிட்சாவின் புதுச்னொஸ்ட் 1925 இல் தோன்றியது. அப்பெயருக்கு அவர் மொழியில் எதிர்காலம் என்று பொருள். அதன்பின் முடியரசு வீழ்ந்தது, பெரும்போர் மூண்டது, பொதுவுடைமை ஆட்சி வந்து போயிற்று, யூகோஸ்லாவியா சிதறுண்டது, 2006 இல் தனிநாடு பிறந்தது. போத்கோரிட்சாவே 1946 முதல் 1992 வரை தித்தோகிராத் என்று பெயர் மாறிக் கிடந்தது. நாட்டின் பெயரும் நகரின் பெயரும் மாறின. கழகம் மட்டும் மாறவில்லை. நம் நாட்டிலோ நாடும் நகரும் நிலைபெற்றிருக்கக் கழகங்கள் வந்து வந்து போகின்றன!

அவ்வூரிற் பிறந்து புதுச்னொஸ்டில் ஆடத் தொடங்கியவர் இருவர். தேயான் சவிச்செவிச் 1994 இல் மிலான் அணிக்காகவும், பிரெத்ராக் மியாத்தோவிச் 1998 இல் ரியல் மாட்ரிட் அணிக்காகவும் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் கோல் அடித்தனர். பின்னவரது கோல் ஒன்றே அவ்வாட்டத்தின் வெற்றியை முடிவு செய்தது.

மாண்டினீக்ரோவைப் பொன்னுலகம் என்று கூற வந்தேனல்லேன். ஆங்கும் பணமுடை உண்டு. பல ஆட்டங்களுக்குப் பார்வையாளர் மிகச் சிலர். திறமையுடைய இளைஞர் இருபது வயதுக்குள் பிறநாடு சென்றுவிடுகின்றனர். ஆயினும் சென்றவர் திரும்பி வந்து, "இஃது என் கழகம்" என்று சுட்ட ஓர் இடம் உண்டு.

இஃதெல்லாம் ஐரோப்பியர்க்கே இயலும், நமக்கு இயலாது என்பாரும் உளர். அவர்க்கு மறுமொழி தொலைவில் இல்லை. சென்னை சிட்டி வென்ற அதே 2019 இல், மகளிர்க்கான இந்திய லீக்கை மதுரையின் சேது எப்.சி. வென்றது. காரியாபட்டிப் பக்கத்துச் சேது தொழில்நுட்பக் கல்லூரியைச் சார்ந்தது அக்கழகம். தோன்றியது 2016 இல். கோவையில் வென்ற கழகம் மறைந்த பின்னும் இக்கழகம் மகளிர் லீக்கிலே தொடர்ந்து ஆடிவந்தது. ஒன்று மணலிலும் மற்றொன்று கற்பாறையிலும் கட்டப்பட்டன என்று வேதாகமம் கற்றோர் கூறினால் யான் மறுக்கேன்.

நம் கடற்கரையில் ஆட்டக்காரர்க்குப் பஞ்சமில்லை. குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையில் மீனவக் குடியிற் பிறந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடி, 2019 இல் இந்திய நாட்டுக்காகவும் களமிறங்கினார். நம் தூத்துக்குடித் துறையிலும் மணலில் வெறுங்காலோடு பந்தை உருட்டும் சிறுவர் எத்துணையோ பேர். வலையும் படகும் அவர்களை அழைத்துக்கொள்ளும் வயது வரையில் ஆடுகின்றனர். அப்பால் அவர்களை ஏற்க ஒரு கழகமும் இல்லை. பொதுப்பொருளைத் தலைமுறை தலைமுறையாகக் காக்க நம் ஊரார் அறியாதவரும் அல்லர். பனிமய மாதா பேராலயத்தின் பொற்றேர் 1806 இல் முதன்முதல் ஓடியது; 2023 இலும் அதன் வடத்தை ஊரே பற்றி இழுத்தது.

ஆகலின் யான் நம் கல்லூரியின் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் விண்ணப்பிப்பது இது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 இன்கீழ், உறுப்பினரே உடைமையாளராகிய ஒரு காற்பந்துக் கழகத்தை இந்நகரில் நிறுவுதல் வேண்டும். ஆயிரம் பேர் ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் செலுத்தினால் ஐந்து இலட்சம் ஆகும். அதனைக்கொண்டு ஸ்பெயின் நாட்டு ஆட்டக்காரரை வருவிக்க இயலாது. பந்தும் காலணியும் வாங்கவும், நடுவர்க்கு ஊதியமும் வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்துக் கட்டணமும் அளிக்கவும் இயலும். பெருந்தொகை தருவோர் வந்தால் வரவேற்போம். ஆனால் ஆயிரம் தருவார்க்கும் இலட்சம் தருவார்க்கும் வாக்கு ஒன்றே என்று விதியில் எழுதிவிட வேண்டும். மாணவரல்லாத துறைமுகத் தொழிலாளரும் உப்பளத்தாரும் உறுப்பினராகத் தடையிருத்தலாகாது. கல்லூரி மைதானம் போதாதெனின் நகரிலே தருவை மைதானம் இருக்கின்றது.

அணிகளுள் மகளிர் அணியையே முதற்கண் அமைத்தல் நலம் என்பது என் துணிபு. சேதுவின் வழி நம்முன் இருத்தலின் அது எளிது. அன்றியும், நம் மாணவியர் பந்தை மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது போதும். மாலை நான்கு மணிக்குப் பின் மைதானத்தின் ஒரு பாதியை அவர்களுக்கு ஒதுக்கக் கல்லூரி இசையுமாயின், கல்லூரி திறக்கும் ஆனித் திங்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.