மே தினம் கடைக்குள் வருமா?



மே முதல் நாள் நீலகிரிக்குப் போயிருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்று சம்பளத்தோடு விடுமுறை. லைன் வீடுகளுக்கு முன்னால் சங்கக் கொடி ஏறும், மிட்டாய் கொடுப்பார்கள்.

அங்கிருந்து பஸ் ஏறி ஊட்டிக்கோ குன்னூருக்கோ வந்து பாருங்கள். சீசன் உச்சம்! டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனும், வர்க்கிப் பொட்டலம் கட்டுபவனும், லாட்ஜில் வெந்நீர் வாளி தூக்குபவனும் விடியலிலிருந்து நிற்கிறார்கள். இவர்கள் தொழிலாளிகள் இல்லையா?

தோட்டத் தொழிலாளிக்கு அந்த விடுமுறை இனாமாகக் கிடைத்ததல்ல. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் உழைத்த 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை! அப்படி வந்தவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976இல் டான்டீ கழகமானது. பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். அதனால்தான் அவர்கள் குரல் கேட்கிறது. (ஓய்வு பெற்றபின் லைன் வீட்டை விட்டு எங்கே போவது என்ற கவலை மட்டும் இன்னும் தீரவில்லை.)

கடைப் பையனுக்குச் சங்கம் இல்லை. ஆனால் சட்டம் இருக்கிறது! தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தியோடு மே தினமும் உண்டு. தோட்டத்துக்கும் ஆலைக்கும் மட்டுமல்ல, கடைக்கும் ஓட்டலுக்கும் அது பொருந்தும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள், சம்பளத்துடன் கூடிய விடுப்பு தர வேண்டும்.

வியாபாரப் பெருமக்களே! உங்களில் எத்தனை பேர் தருகிறீர்கள்? சீசனில் கடையைப் பூட்டச் சொல்லவில்லை. இரண்டு மாத வியாபாரம்தான் வருடம் முழுதுக்கும் சோறு என்பது எங்களுக்கும் தெரியும். இரட்டைச் சம்பளம் தருவதில் என்ன தடை?

சவூதியிலும் அமீரகத்திலும் மே தினம் பொது விடுமுறை அல்ல. அங்கே ஓய்வில்லாமல் உழைக்கும் நம் பிள்ளை போனில் சொல்லும்போது நமக்குக் கண் கலங்குகிறது. நம் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே! கூலியைத் தாமதிக்காதே என்ற நபிமொழியை மேடையில் முழங்குகிறோம். கடையில்?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது கேட்டது எட்டு மணி நேரம். நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டப்பேரவையிலேயே நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்த மே முதல் நாளன்றே முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். உங்கள் தெருக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் எந்தத் திருத்தமும் இல்லாமலே நடக்கிறது. கடைக்காரர் உங்கள் மாமாவாகவும் இருக்கலாம். போய்க் கேளுங்கள்.