ரைட்-ஆஃப் ஆன பாட்டு

வங்கியில் ரைட்-ஆஃப் செய்த கணக்கில் என்றைக்காவது பணம் வந்தால், அன்று கிளையில் எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு இருக்கும். ஊர் ஊராய் மாற்றலாகி இப்போது நாக்பூரில் குப்பை கொட்டும் எனக்கு, ஃபிராங்க் வில்சன் கதையைப் படித்ததும் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

1965-ல் அமெரிக்காவின் மோடவுன் கம்பெனிக்காக அவர் பாடிய சோல் பாட்டு 'டூ ஐ லவ் யூ'. மாதிரிக்கென்று சுமார் 250 இசைத்தட்டுகள் அடித்தார்கள். கடைக்கு வருவதற்குள் நிறுத்திவிட்டு, அடித்ததையும் அழித்தார்கள். தப்பியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். வில்சன் பாடுவதை விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பாட்டெழுதவும் தயாரிக்கவும் போய்விட்டார்.

சரி, கணக்கு முடிந்தது என்றுதானே நினைப்போம்?

இங்கிலாந்தின் வடக்கே விகன் என்று ஒரு தொழில் நகரம். 1973 முதல் 1981 வரை அங்கே விகன் கசீனோ என்ற நடனக்கூடம். ஆலைகளில் வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் சனிக்கிழமை நள்ளிரவில் நுழைந்தால் விடியும்வரை ஆட்டம்தான். மது கிடையாது. எல்லோருக்கும் தெரிந்த ஹிட் பாட்டு அவர்களுக்கு வேண்டாம். அறுபதுகளில் விலைபோகாத, வேகமான அமெரிக்கப் பாட்டுதான் வேண்டும். வில்சன் பாட்டு அங்கே போய்ச் சேர்ந்து தரையை அதிர வைத்தது. 1979-ல் பிரிட்டனில் மறுபடி வெளியிட்டார்கள். 2009-ல் பழைய தட்டு ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது!

"திறமை என்றைக்கும் தோற்காது" என்று சுபம் போட எனக்கும் ஆசைதான். ஆனால் மனசு ஒப்பவில்லை. பழைய தட்டு கைமாறினால் பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. பங்குச் சந்தையில் நீங்களும் நானும் பங்கை விற்று வாங்கினால் கம்பெனிக்கு ஏதாவது போகிறதா என்ன?

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. போட்டி டிஜேக்கள் தட்டைத் தேடிப் பிடிக்கக் கூடாது என்று, லேபிளை மறைத்துப் பொய்ப் பெயர் சொல்வது அங்கே வழக்கம். இந்தப் பாட்டையும் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் முதலில் போட்டார்கள். அதாவது, வில்சனின் குரலுக்கு ஊரே ஆடுகிறது. அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அழித்த கம்பெனியை விடுங்கள், ஆசையாய்க் காப்பாற்றியவர்களே இதைச் செய்தார்கள். வில்சன் 2012-ல் இறந்தார்.

நாமும் யோக்கியம் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாடியவர் பெயர் இல்லாமல் எத்தனை பாட்டு அனுப்பியிருக்கிறோம்! அடுத்த முறை பெயரைத் தேடிப் போட்டு அனுப்புங்கள். பணம் எவ்வளவு தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, வரவு சரியான கணக்கில் விழ வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான்.