வெட்கப்பட வேண்டியவர் யார்?

ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் ஊரார் திருடனைத் துரத்துகிறார்களேயொழிய, "நீ ஏன் பணம் வைத்திருந்தாய்?" என்று வீட்டுக்காரனை எவரும் கேட்பதில்லை. ஆனால், குளிக்கும் பெண்ணை ஒருவன் தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தாலும், செல்போனில் படம் பிடித்தாலும் நியாயம் தலைகீழாகிவிடுகிறது. "வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும்" என்று பெண்ணின் வாயை அடைக்கிறார்கள். அயோக்கியனோ தலைநிமிர்ந்து திரிகிறான். இதைவிட மடமை வேறு உண்டா?

இப்படிப்பட்ட புத்தி ஏன் வருகிறது? "கலிகாலம்" என்பார் சிலர். "பெண்கள் உடுத்தும் உடை" என்பார் சிலர். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவளின் உடையில் என்ன குற்றம் கண்டார்களோ தெரியவில்லை!

வைத்தியர்கள் கூறுவது வேறு. இது பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும் பழக்கம். அவள் அறியாமல் பார்க்கிறோம் என்பதிலேதான் அவனுக்குக் கிளர்ச்சி. அகப்படாத ஒவ்வொரு தடவையும் துணிச்சல் வளர்கிறது. "அவளுக்குத்தான் தெரியாதே, நஷ்டமென்ன?" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறான். சிலருக்கு இது ஆறு மாதத்திற்கு மேலும் விடாத மனநோயாகவே ஆகிவிடுகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. தப்புச் செய்வதற்கு முன்பே வைத்தியரிடம் போவது அறிவுடைமை. ஆனால் நோய் என்ற பெயரால் குற்றம் குற்றமல்லாமல் போய்விடாது.

சட்டமும் இல்லாமலில்லை. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-வது பிரிவாக இருக்கிறது. முதல் தடவைக்கு 1 முதல் 3 வருஷம், மறு தடவைக்கு 3 முதல் 7 வருஷம் சிறை, அபராதமும் உண்டு. படமெடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பரப்ப அவள் சம்மதிக்காவிட்டால் பரப்பினவன் குற்றவாளியே.

ஆனால் புகாரே கொடுக்க விடாத ஊரில் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே தோழர்களே! தேர் இழுக்கப் பணம் சேர்க்கும் ஊர், பெண்கள் குளிக்க நாலு சுவரும் ஒரு கதவும் கட்டட்டும். உடலைப் பற்றிக் கேட்கும் பையனைச் "சீ" என்று அடக்காமல் உள்ளதைச் சொல்லி, பிறர் சம்மதமின்றிப் பார்ப்பது திருட்டு என்றும் பழக்குங்கள். அப்படிப்பட்ட படம் கைக்கு வந்தால் அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள். அனுப்புகிறவனும் எட்டிப் பார்த்தவனே. உங்கள் மகள் வந்து சொன்னால், "உஸ்" என்று அடக்காமல் அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடங்கள்.

மானம் போக வேண்டியது பார்த்தவனுக்கே, பார்க்கப்பட்டவளுக்கு அல்ல.