கார் வராத 14 கி.மீ சைக்கிள் பாதை: பறவைகளுக்காகக் கரையை உடைத்தால் என்ன ஆகும்?

கூகுள், மெட்டா, சிஸ்கோ என உலகமே பேசும் கம்பெனிகள் குவிந்திருக்கும் சிலிக்கான் வேலியில், ஒரு ஹார்ன் சத்தம்கூட கேட்காமல் 14 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியும். சான் ஹோசே நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் அல்விசோவுக்குப் போய், அங்கிருக்கும் மண்கரை மீது ஏறினால் போதும். ஒரு பக்கம் பழைய உப்பளக் குளங்கள், இன்னொரு பக்கம் சதுப்பு ஓடை. கார் கிடையாது, சிக்னல் கிடையாது. குளங்களைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடலாம்.

சன்னிவேல், சான்டா கிளாரா, ஃப்ரீமான்ட் பக்கம் வேலைக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு இது வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம்.

ஆனா, இந்த வளையப் பாதை எப்போதும் இப்படியே இருக்கப்போவதில்லை. அது சுற்றி வரும் குளங்களுக்குள் கடல் தண்ணியை மறுபடியும் விடுவதுதான் அரசின் திட்டம். அதற்குச் சைக்கிள்கள் ஓடும் அதே மண்கரைகளில் சில இடங்களை வெட்ட வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நாம் நம்பும் சைக்கிளும், சுற்றுச்சூழலைக் காப்பாற்றும் திட்டமும் எதிரெதிரே நிற்பது எப்படி?

இது என்ன இடம்?

இதன் பெயர் டான் எட்வர்ட்ஸ் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடா தேசிய வனவிலங்குச் சரணாலயம். வளைகுடாவின் தெற்கு முனையைச் சுற்றி சுமார் 30,000 ஏக்கர் பரப்பளவு. 1972ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் உருவானது. நகரத்தை ஒட்டி அமைக்கப்பட்ட அந்நாட்டின் முதல் தேசிய வனவிலங்குச் சரணாலயம் இதுதான். அந்தச் சட்டத்துக்காக முன்னின்ற சான் ஹோசே எம்.பி. டான் எட்வர்ட்ஸின் பெயர் 1995ல் சூட்டப்பட்டது.

அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்கா வரை நீளும் பசிபிக் வலசைப் பாதையில் முக்கியமான தங்குமிடம் இது. 280க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே வந்துபோகின்றன.

சைக்கிள் பாதை எப்படி வந்தது?

சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், இந்தப் பாதையை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. சுற்றுலாவுக்காகவும் போடவில்லை. இது உப்புக்காகக் கட்டிய கரை.

1850களிலிருந்தே இந்த வளைகுடாவில் வணிக ரீதியாக உப்பு எடுக்கிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு முறை புரியும்: கடல் தண்ணியைப் பாத்தியில் தேக்கி வெயிலில் காயவிடுவது. இங்கே அதையே ராட்சத அளவில் செய்தார்கள். சதுப்பு நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, குளம் குளமாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணியை மாற்றி மாற்றி, உப்பாக எடுக்க சுமார் 5 வருடம் ஆகும். சான்ஃபிரான்சிஸ்கோவில் விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே சிவப்பும் ஆரஞ்சுமாகத் தெரிகிற கட்டங்கள் இந்தக் குளங்கள்தான். உப்பு ஏற ஏற அதில் வளரும் நுண்ணுயிர்கள் மாறுவதால் வருகிற நிறம் அது.

இந்தக் கரைகளும், நகர விரிவாக்கமும், விவசாயமும் சேர்ந்து வளைகுடாவின் அலைச் சதுப்பு நிலங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அழித்துவிட்டன. மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

2003ல் திருப்பம் வந்தது. கார்கில் நிறுவனத்திடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளத்தை 10 கோடி டாலருக்கு அரசு வாங்கியது. மாநில அரசு, மத்திய அரசு, தனியார் அறக்கட்டளைகள் சேர்ந்து போட்ட பணம் அது. இதில் தெற்கு வளைகுடாவில் மட்டும் 15,100 ஏக்கர். அங்கே தொடங்கிய சீரமைப்புத் திட்டம், அமெரிக்க மேற்குக் கரையிலேயே மிகப் பெரிய அலைச் சதுப்பு நில மீட்புத் திட்டம். வாங்கிய குளங்களில் பாதியிலிருந்து 90 சதவீதம் வரை மறுபடியும் சதுப்பு நிலமாக்குவது இலக்கு.

மக்களும் இதற்காகப் பணம் கொடுக்கிறார்கள். 2016 ஜூனில் வளைகுடாவைச் சுற்றியுள்ள 9 கவுன்டிகளில் நடந்த வாக்கெடுப்பில், ஒரு மனைக்கு வருடத்துக்கு 12 டாலர் வீதம் 20 வருடம் வரி கட்ட வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். சதுப்பு நில மீட்புக்காக இப்படிச் சுமார் 50 கோடி டாலர் கிடைக்கும்.

வேட்டைக்கு முன்னுரிமை, சைக்கிளுக்கு இல்லையா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கார் வராத பாதை என்றால் பூங்கா மாதிரி, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று தோணும். ஆனால் வனவிலங்குச் சரணாலயம் என்பது பூங்கா இல்லை.

1997ல் வந்த தேசிய வனவிலங்குச் சரணாலய மேம்பாட்டுச் சட்டம், மனிதர்கள் செய்யக்கூடிய 6 விஷயங்களுக்கு மட்டும் முன்னுரிமை தருகிறது. வேட்டை, மீன்பிடித்தல், விலங்குகளைப் பார்ப்பது, படம் எடுப்பது, சுற்றுச்சூழல் கல்வி, இயற்கை விளக்கம் ஆகியவையே அவை. இந்தப் பட்டியலில் சைக்கிள் கிடையாது.

வேட்டை உண்டு, சைக்கிள் இல்லை என்றால் நம்மூர் வாசகருக்குத் தூக்கிவாரிப்போடும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1934லிருந்து அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்காரர்கள் ‘டக் ஸ்டாம்ப்’ என்ற முத்திரையை வாங்கியே ஆக வேண்டும். அந்தப் பணத்தில்தான் நாடு முழுக்க ஏராளமான சரணாலய நிலங்கள் வாங்கப்பட்டன. டான் எட்வர்ட்ஸிலும் குறிப்பிட்ட சில குளங்களில் சீசனில் வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு.

அப்படியானால் சைக்கிளை எப்படி விடுகிறார்கள்? சட்டத்தில் ‘பொருந்தும் பயன்பாடு’ என்று ஒரு சோதனை இருக்கிறது. ஒரு செயல், சரணாலயத்தின் நோக்கத்தைக் கெடுக்காது என்று அதன் மேலாளர் எழுத்துபூர்வமாக முடிவு செய்ய வேண்டும். பொதுமக்கள் கருத்தும் கேட்க வேண்டும். முன்னுரிமைப் பட்டியலில் உள்ளவற்றை 15 வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்தால் போதும். சைக்கிள் மாதிரியான மற்றவற்றை 10 வருடத்துக்கு ஒருமுறையாவது செய்தாக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இங்கே சைக்கிள் ஓட்டுவது உரிமை இல்லை, அனுமதி. சூழல் மாறினால் அந்த அனுமதியும் மாறலாம்.

மின்சார சைக்கிளுக்கும் இதே கதைதான். 2019 ஆகஸ்டில் அமெரிக்க உள்துறை ஓர் உத்தரவு போட்டு, சாதா சைக்கிள் போகும் இடத்தில் இ-பைக்கையும் விடச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. 2020ல் வந்த இறுதி விதி, முடிவை அந்தந்த சரணாலய மேலாளர் கையில் விட்டுவிட்டது.

சைக்கிளால் பறவைக்கு என்ன தொந்தரவு?

புகை இல்லை, சத்தம் இல்லை, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். பறவைக்கு எஞ்சின் மட்டும் பயம் இல்லை. மனித உருவம் நெருங்கினாலே இரை தேடுவதை நிறுத்தும், பறக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்காகக் கொழுப்பு சேர்க்கும் பறவைக்கு, ஒவ்வொரு தேவையில்லாத பறத்தலும் செலவுதான்.

லின் ட்ருலியோ, ஜானா சோகலே ஆகிய ஆய்வாளர்கள் இந்த வளைகுடாவில், பாதை உள்ள சேற்றுவெளிகளையும் பாதை இல்லாதவற்றையும் ஒப்பிட்டு 2008ல் ஆய்வு வெளியிட்டார்கள். பாதை இருப்பதால் மட்டும் கரைப்பறவைகளின் எண்ணிக்கை பொதுவாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் பாதையில் ஆட்கள் அதிகமாக வந்த நாட்களில் பறவைகள் குறைவாக இருந்தன. அதாவது, பாதை இருக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எத்தனை பேர், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்பதும் முக்கியம்.

கூடு கட்டும் பறவைகளுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். ஸ்னோயி பிளவர் என்ற சின்னப் பறவையை எடுத்துக்கொள்வோம். தமிழில் உப்புக்கொத்தி என்கிறோமே, அந்தக் குடும்பம். பெயருக்கு ஏற்ற மாதிரி, இங்கே காய்ந்த உப்பளத் தரையில் முட்டையிடும். கூடு என்று பெரிதாக எதுவும் இருக்காது, தரையில் ஒரு சின்னக் குழி. முட்டை மண் நிறத்தில் இருக்கும், மிதித்தால்கூடத் தெரியாது. தாய்ப்பறவை பயந்து எழுந்துபோனால், வெயிலிலோ காக்கையிடமோ முட்டை போய்விடும். இந்தப் பறவையின் பசிபிக் கடலோர இனக்குழு 1993லிருந்து அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான கூடு கட்டும் காலத்தில் சில பாதைகள் மூடப்படுவதற்கு இதுதான் காரணம்.

அப்போ உப்பளத்தை அப்படியே விட்டுவிடலாமே?

அதுவும் முடியாது. உப்புக்கொத்திக்குக் காய்ந்த உப்பளம் வேணும். ஆனால் ரிட்ஜ்வே கானாங்கோழிக்கும், உப்புச் சதுப்பு எலிக்கும் அலை வந்துபோகும் சதுப்புதான் வேணும். நம்மூர் உமரி மாதிரி உப்பில் வளரும் செடிகளுக்குள் ஒளிந்து வாழும் உயிர்கள் இவை. இரண்டும் 1970லிருந்தே அழியும் நிலைப் பட்டியலில் உள்ளவை. அதனால்தான் எல்லாக் குளத்தையும் சதுப்பாக்காமல், சிலவற்றைப் பறவைகளுக்கான குளமாகவே பராமரிக்கிறார்கள். டம்பார்டன் பாலத்தை ஒட்டிய எஸ்.எஃப்.2 குளத்தில், 2010ல் பறவைகள் கூடு கட்டவே 30 மண் தீவுகளை அமைத்தார்கள்.

எல்லாக் கரையையும் ஒரே நாளில் உடைக்காததற்கு இன்னொரு காரணம் பாதரசம். பழைய நியூ அல்மடேன் சுரங்கத்திலிருந்து குவாடலூப் ஆறு வழியாக வந்த பாதரசம் அல்விசோ குளங்களின் அடிச்சேற்றில் கிடக்கிறது. கிளறினால் மீன், பறவை என்று உணவுச் சங்கிலியில் ஏறும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அளந்து பார்த்துப் போகிறார்கள்.

மனிதர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பழத்தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் கண்மூடித்தனமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதால், சான் ஹோசே நகர மையத்தில் நிலம் சுமார் 13 அடி தாழ்ந்தது. அல்விசோ கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. 1983 வெள்ளத்தில் ஊரே மூழ்கியது. இன்று அல்விசோவுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது இந்த உப்பளக் கரைகள்தான். வெள்ளத்தைத் தடுப்பதற்கென்று கட்டியவை அல்ல அவை. கடல்மட்டமும் உயர்ந்துகொண்டிருக்கிறது.

அதனால் ராணுவப் பொறியாளர் படை, உள்ளூர் நீர் வாரியம், மாநிலக் கடலோரப் பாதுகாப்பு அமைப்பு ஆகியவை சேர்ந்து, ஊரை ஒட்டிச் சுமார் 4 மைல் நீளத்துக்கு உறுதியான புதிய கரை அமைக்கும் திட்டத்தில் இறங்கியிருக்கின்றன. புதிய கரை எழுந்த பிறகு அதற்கு வெளியே உள்ள ஏ9 முதல் ஏ15 வரையிலான குளங்களுக்குள்ளும், ஏ18லும் படிப்படியாக அலையை விடுவார்கள். வளர்ந்து நிற்கும் சதுப்பு, அலையின் வேகத்தை உடைத்து அந்தக் கரைக்கே காவலாகவும் இருக்கும்.

இந்த ஏ9 முதல் ஏ15 வரையிலான குளங்களைத்தான் 14 கிலோமீட்டர் பாதை சுற்றி வருகிறது. வெளிக்கரையை வெட்டினால் வளையம் முழுசாக இருக்காது. அதற்குப் பதிலாகப் புதிய கரையின் மேல் நடைபாதை, சைக்கிள் பாதை அமையும். வளைகுடாவைச் சுற்றி 500 மைலுக்குத் திட்டமிடப்பட்டு, 350 மைலுக்கும் மேல் முடிந்திருக்கும் ‘பே டிரெயில்’ பாதையோடு அதை இணைப்பது யோசனை.

சைக்கிள்காரர்களுக்கு இழப்புதானா?

ஒரு வகையில் இழப்புதான். இரண்டு பக்கமும் தண்ணி, நடுவில் ஒற்றை மண்கரை என்ற அனுபவம் ஊரை ஒட்டிய புதிய கரையில் அப்படியே கிடைக்காது. அந்த வருத்தம் நியாயமானது. மக்கள் நேரில் வந்து பார்த்ததால்தான், வருடத்துக்கு 12 டாலர் வரிக்குக்கூட ஓட்டுப் போட்டார்கள் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பாதையே இல்லாத சரணாலயத்துக்கு ஆதரவும் இருக்காது.

ஆனால் கரை வெட்டப்படாமல் போனால் சதுப்பு திரும்பாது. கானாங்கோழிக்கும் எலிக்கும் போக வேறு இடமில்லை, அல்விசோ மக்களுக்கும் கடலுக்கும் நடுவில் பழைய உப்புக் கரை மட்டுமே மிஞ்சும். சைக்கிளுக்கு மாற்றுப் பாதை போட முடிகிறது. மற்ற மூவருக்கும் அப்படி மாற்று இல்லை.

அதுவரை அந்தக் கரையில் ஓட்ட நினைப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. கேட்டில் தொங்கும் பலகையைப் படிக்க வேண்டும். கூடு கட்டும் மாதங்களில் மூடியிருந்தால் திரும்பிவிட வேண்டும். பறவைக் கூட்டம் பாதையோரம் இருந்தால் கொஞ்சம் தள்ளியே நின்று, அவை நகர்ந்த பிறகு போக வேண்டும்.