நாடி ஏறாவிட்டால் நடை வீணா?

பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு நடந்தால் இதயம் முழுசாக வேலை செய்யாதாம். ஆகவே நடை முடிந்த பிறகு மாத்திரையைப் போடவேண்டுமாம், முடிந்தால் அன்றைக்கு விட்டே விடலாமாம். இந்த ஞானம் இப்போது வாட்ஸ்அப்பில் ஊர்வலம் வருகிறது. காலை நடைக்காரர்களின் மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் ஏறியதிலிருந்து இதற்கு மவுசும் கூடிவிட்டது. 220-இல் வயதைக் கழிக்க வேண்டும், வருகிற எண்ணில் இத்தனை சதவீதத்தைத் தொட வேண்டும், தொடாவிட்டால் நடந்ததெல்லாம் தண்டம். அறுபது வயதுக்காரருக்கு உச்சம் 160 என்று கணக்கு வருகிறது. பீட்டா பிளாக்கர் வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரின் வாட்ச்சோ 105-இலேயே நின்றுவிடுகிறது. மாத்திரை இதயத்தைக் கட்டிப்போட்டுவிட்டது என்று உடனே தீர்ப்பு. அந்த 220 எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 1970-களின் தொடக்கத்தில், அதற்கு முன் வந்த ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே தோராயமாக இழுத்த ஒரு கோடு அது. ஒரே வயதுடைய இரண்டு ஆரோக்கியமான ஆள்களுக்கிடையிலேயே உச்ச நாடி இருபது துடிப்பு வித்தியாசப்படலாம். அதை ஜிம் சுவர்களில் வேதவாக்காக ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

இதயம் எத்தனை முறை துடித்தது என்பது ஒன்று, எவ்வளவு ரத்தத்தைத் தள்ளியது என்பது வேறொன்று. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர், கடும் உழைப்பில் பதினைந்து, இருபது லிட்டர். இந்த அளவு, துடிப்பின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தையும் பெருக்கினால் வருவது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் போய் ஒட்டி வேகத்தைக் கூட்டுகின்றன. மாத்திரை அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. துடிப்பு குறைகிறது, ஆனால் இரண்டு துடிப்புக்கு நடுவிலான இடைவெளி நீள்கிறது. இதய அறை நன்றாக நிரம்பி, அடுத்த துடிப்பில் கூடுதலாகத் தள்ளுகிறது. தசையும் வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைச் சற்று அதிகமாகவே உறிஞ்சிக்கொள்கிறது. இதனால்தான் உச்ச நாடி கால் பங்குவரை குறைந்தாலும், உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. இன்னொன்றும் உண்டு: இதயம் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்போதுதான் பெறுகிறது. இதய ரத்தக்குழாயில் அடைப்புள்ளவருக்கு அந்த நீண்ட இடைவெளிதான் மாத்திரையின் நோக்கமே. நெஞ்சுவலியில்லாமல் முன்பைவிடக் கூடுதல் தூரம் நடக்கிறார் என்றால் அதற்கு இதுதான் காரணம். அதை வாட்ச் காட்டாது.

இதயத்தை மாத்திரை பலவீனப்படுத்தும் என்பவர்களுக்கு ஒரே பதில், 1999. அதற்கு முன்பு மருத்துவர்களே இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு பீட்டா பிளாக்கர் ஆகாது என்றார்கள். 1975-இல் சுவீடனில் சிலர் துணிந்து கொடுத்துப் பார்த்ததைப் பலர் நம்பவில்லை. 1999-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றில் பைசோபிரோலால், 2,647 நோயாளிகள். மற்றதில் மெட்டோபிரோலால், 3,991 நோயாளிகள். இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. பாதி ஓய்ந்துபோன இதயங்களே இந்த மாத்திரையால் பிழைத்திருக்கும்போது, பூங்காவைச் சுற்றி நாலு ரவுண்டு போகிறவரின் இதயம் இதனால் தேய்ந்துவிடுமாம்! நடக்கிற நாளில் மாத்திரையை விடச் சொல்கிறவர்கள் அந்த 1999-ஐப் படித்திருக்க வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையாவது தெரிந்துகொண்டு பேசலாம். நாளடைவில் உடல் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வைத்திருக்கும். மாத்திரை விலகியதும் அட்ரினலின் மொத்தமாகப் பாயும். நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகும் என்பது 1970-களிலிருந்தே தெரிந்த சங்கதி. விடுவதென்றால் மருத்துவர் சொல்லி, படிப்படியாகத்தான்.

களைப்பு வருகிறதே என்பார்கள். வரும், முதல் சில வாரங்களிலும், அளவு கூடும்போதும். புரோப்ரனோலால் போன்ற, இதயத்தோடு நில்லாத வகைகள் தசைக்குப் போகும் ரத்தத்தையும் கொழுப்பு கரைவதையும் ஓரளவு தடுக்கும். சர்க்கரை மருந்து எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பு தெரியாமல் போகும், வியர்வை மட்டுமே காட்டிக்கொடுக்கும். இவையெல்லாம் மாத்திரையை மாற்றக் காரணங்களே தவிர, நடையைக் கேலிசெய்யக் காரணங்கள் அல்ல. அளவு தெரிய எண் எதற்கு? மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியத்தை அறுபடாமல் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். சுவீடன்காரர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோலும் ஆள் உணரும் சிரமத்தைத்தான் கேட்கிறது.

இந்த நாடிப் பித்தில் உண்மையான ஆபத்து கண்ணில் படாமல் போகிறது. அது சூடு. விருத்தாசலத்தைப் பாருங்கள், பீங்கான் ஊர். அகலும் பொம்மையும் வேகும் சூளைக்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். சூட்டில் உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு நிறைய ரத்தம் அனுப்பியாக வேண்டும். அதற்குத் துடிப்பு கூடியே ஆகவேண்டும். அங்கேதான் பீட்டா பிளாக்கர் நிஜமாகவே குறுக்கே நிற்கிறது, தலைசுற்றலும் வெப்பத் தாக்கமும் வரலாம். ஆனால் நம் கவலையெல்லாம் குளிர்ந்த காலையில் பூங்காவில் நடக்கிறவரைப் பற்றியது. 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துக் கொடுத்தது, நல்ல காரியம். சூளைக்கும் காயவைக்கும் இடத்துக்கும் நடுவே நாள் முழுக்கப் பலகை சுமக்கிறவருக்கு அந்தப் பாதையில் என்ன வேலை? மருத்துவச் சீட்டில் வயது, எடை, சர்க்கரை எல்லாம் இருக்கும். எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று கேட்க ஒரு கட்டம் இருக்காது. சித்திரை வெயிலில் மாத்திரையின் வகையையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்று யோசிக்க வேண்டிய இடத்தில், ‘தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க’ என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.